கூக்கால் பஸ் ஷெட்டும் எங்கள் சேவைக் கிளப்பும்

கொடைக்கானல்,
19-10-1961

மகா கனம் பொருந்திய அத்தான் தண்டாயுதபாணி அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சேனாதிபதி பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் வடிவும் பிள்ளைகளும், மழையும் மூடுபனியும் விட்ட மட்டும் சுகம். அங்கே அக்காளின் முழங்கால் வலியும் தங்கள் கடை வியாபாரமும் எப்படி என்று தெரியப்படுத்தவும்.

பழனியிலும் வியாபாரிகள், வக்கீல்கள், டாக்டர்கள் கூடி ஒரு சேவைக் கிளப் தொடங்கப்போகிறார்கள், சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். அத்தான், தயவுசெய்து சேராதீர்கள். பூண்டு மண்டி வைத்துப் பிழைக்கும் நான், பெரிய மனிதனாகிவிடலாம் என்ற நப்பாசையில் போன வருஷம் இங்கே சேர்ந்தேன். செவ்வாய்தோறும் ஓட்டலில் மத்தியானச் சாப்பாடு. அதற்கு முன்னால் இங்கிலீஷில் ஒரு பாட்டு, பின்னால் இங்கிலீஷில் ஒரு பேச்சு, நடுவில் முள்கரண்டியால் குத்தக் குத்த நழுவி ஓடும் பச்சைப் பட்டாணி. என் தட்டிலிருந்து கிளம்பிய ஒன்று பாங்கி மானேஜரின் கோட்டுப் பைக்குள் போய் இறங்கியதை நானும் சொல்லவில்லை, அவரும் பார்க்கவில்லை. இதற்குப் பெயர் பொதுச்சேவை.

எங்கள் தலைவர் சுப்புராஜ், பல் டாக்டர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவரே தவிர, தன் வாயை மூடிப் பழகாதவர். அவருக்கு ஆடி மாதம் ஒரு யோசனை உதித்தது. கூக்கால் கிராமத்துக்குக் கிளப் சார்பில் ஒரு பஸ் ஷெட் கட்டித் தரவேண்டுமாம். "டாக்டர், அந்த ஊருக்குப் பஸ்ஸே போகாதுங்களே, பூம்பாறைக்கு நடந்து வந்துல்ல ஏறுறாங்க?" என்றேன். "ஷெட்டக் கட்டிட்டா பஸ் தன்னால வரும், சேனாதிபதி. பெருசா நெனைக்கணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா. ஒரே ஜீப்பில் பெரிய மனிதர்கள் ஏழு பேர், டிரைவரோடு எட்டு. என் மடியில் பாதி பாங்கி மானேஜர். எலும்பெல்லாம் இடம் மாறி ஊர் போய்ச் சேர்ந்தால், ஷெட்டில் ரிப்பனுக்கு அந்தப் பக்கம் கூரை முதல் தரை வரை பூண்டுக் கொத்து தொங்குகிறது. மூலையில் இரண்டு ஆடுகள். ஊர்ப் பெரியவர் திருமலைச்சாமி கும்பிட்டு, "மழையில நனையாம நல்லாக் காயுதுங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்றார். டாக்டர், நான்தான் அங்கே கிளை மண்டி திறந்துவிட்டதைப் போல என்னை முறைத்தார். அதில் பாதிப் பூண்டு எனக்கு வரவேண்டியதுதான். அதை அப்போது சொல்வானேன்?

ரிப்பனை வெட்டிவிட்டு அவர் பேசத் தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருக்கும். வேலுத்தாய் என்ற அம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "சாமி, எம் மருமக வீரம்மா நேத்துலருந்து வலியெடுத்துக் கெடக்கா. பிள்ள எறங்க மாட்டேங்குது. வெரசா ஜீப்ப எடுக்கச் சொல்லுங்க!"

"எடுக்கட்டும், எடுக்கட்டும்" என்றார் டாக்டர், மிச்சப் பேச்சைக் கையில் பிடித்தபடி.

"நீங்களும் ஏறுங்க."

"நான் பல் டாக்டரும்மா!"

"பிள்ளைக்குப் பல்லு மொளைச்சா அதுக்கும் கூப்பிடுறேன். இப்ப டாக்டருன்னு இங்க இருக்கறது நீங்க ஒருத்தருதான்!" என்று கோட்டைப் பிடித்து இழுத்து அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டாள். அந்தப் பெண்ணைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை, அத்தான்.

ஜீப் போனதும் மழை பிடித்துக்கொண்டது. காற்று வரும் பக்கமே வாசல் வைத்து ஷெட்டைக் கட்டியிருந்த எங்கள் கான்ட்ராக்டர் மெம்பரைத் திட்டிக்கொண்டு, ஆறு பேரும் பூண்டுக்கடியில் ஆடுகளோடு ஒண்டி நின்றோம். அந்த வழியாகப் போன ஒருவர், "என்னங்க, பஸ்ஸுக்கா நிக்கிறீக?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். அதற்குமேல் அங்கே நிற்க முடியுமா? கிளம்பி நடந்தோம். உருளைக்கிழங்கு ஏற்றிவந்த மட்டக்குதிரை ஒன்றில், இரண்டு மூட்டைகளுக்கு நடுவே மூன்றாவது மூட்டையாக மானேஜர் வந்தார்.

பூம்பாறை டீக்கடையில் டாக்டர் தனியாக உட்கார்ந்திருந்தார். பாதையின் குழிகளே பாதி மருத்துவம் பார்த்துவிட, ஜீப்பிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டதாம். தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு எங்களுக்காகக் காத்திருக்கிறார். "எல்லாம் வேலுத்தாய் பாத்துக்கிட்டா. நான் குடை பிடிச்சேன்" என்றார். அவ்வளவுதான். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

நேற்று முன்தினம் கூட்டத்தில் நான் எழுந்தேன். "பூண்டுக்கு ஷெட் போதும், ஆளுக்கு வண்டி வேணும்; வாரம் ஒரு நாள் கூக்காலுக்கு ஜீப் அனுப்புவோம்" என்றேன். ஒருவர் பேச மூன்று நிமிஷம்தான், அது ஆயிற்று என்று காரியதரிசி மணியை அடித்தார். அடுத்த தீர்மானம், தாண்டிக்குடிக்கும் ஒரு பஸ் ஷெட். டாக்டர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்ததே கோபம்! "உங்க சோலியும் வேணாம், சோறும் வேணாம்" என்று சொல்லி, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நிம்மதியாக இருக்கிறேன். தாங்களும் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

அக்காளுக்கும் தங்களுக்கும் என் நமஸ்காரம். சின்னவர்களுக்கு எங்கள் ஆசிகள். முருகன் எல்லாரையும் காப்பானாக.

தங்கள் அன்புள்ள மைத்துனன்,
சேனாதிபதி

பி.கு.: கவரை ஒட்டப்போகும் சமயத்தில் டாக்டர் வந்தார். மெம்பர்களை வீடு வீடாகப் பார்த்து அவர் பேசியதில், கூக்காலுக்கு வாரம் ஒரு தரம் ஜீப் அனுப்பக் கிளப் சம்மதித்துவிட்டதாம். தாயும் பிள்ளையும் சுகமாம். என் ராஜினாமாவைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் தலைவராக நானே இருக்கவேண்டும் என்றார். மரியாதைக்கு ஒரு தரம் மாட்டேன் என்றேன். இரண்டாம் தரம் கேட்காமல் போய்விடுவாரோ என்ற பயத்தில் உடனே சரி என்றுவிட்டேன். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு நாளைக்கே சேர்ந்துவிடுங்கள். பழனிக் கிளப் தொடக்கவிழாவுக்குத் தலைமை தாங்க என்னைத்தான் அழைக்கவேண்டும் என்று அங்கே தாங்களாகவே யோசனை சொல்வதுபோல் சொல்லுங்கள்.