சதவீதத்தின் ஒரு சொட்டு ரத்தம்

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருத்தருக்கும் தெரியாது. ‘சதவீதம் வீடு எது?’ என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். சுகாதாரத் துறையில் கணக்கெடுப்பு மேற்பார்வையாளர். எதைக் கேட்டாலும் நூற்றுக்கு இத்தனை என்றுதான் பதில் வரும்.

அந்த வருஷம் அவர் தலையில் விழுந்த வேலை, ஊர் ஜனங்களில் எத்தனை பேருக்கு ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. கல்லீரலில் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்து, வருஷக்கணக்கில் ஆளுக்கே தெரியாமல் இருக்கிற கிருமி. தெரிந்துவிட்டால் மாத்திரை இருக்கிறது. தெரிய வேண்டுமே!

நாற்பது நர்ஸ்களுக்கு அவர்தான் பயிற்சி கொடுத்தார். மேடை ஏறினால் சிங்கம்.

“குலுக்கல்ல வந்த வீட்டை விடவே கூடாது! ஒரு வீட்டுக்கு ஒரு ஆள். முந்தின ராத்திரி அங்க படுத்தவங்கதான் கணக்கு. அதுல யாருக்கு அடுத்ததா பிறந்தநாள் வருதோ, அவர் விரல்ல ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம். இருபது நிமிஷத்துல முடிவு. எறும்புக்கடிகூட இல்ல!”

இந்தப் பேச்சை ஒரு மாதம் குளியலறையில் ஒத்திகை பார்த்தார். வாளிக்கும் சொம்புக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. சமையலறையில் இருந்த மனைவிக்கும்தான்.

சிங்கத்தைப் பற்றி வெளியே தெரியாத ரகசியம் ஒன்று உண்டு. ஊசியைக் கண்டால் கை கால் உதறும். பயிற்சியில்கூடப் பக்கத்து மேஜைக்காரர் விரலைத்தான் குத்திக் காட்டினார். அப்போதும் கண்ணை மூடிக்கொண்டது இவர்தான்.

மனைவிக்கோ வேறொரு பயம். கல்யாணத்துக்கு முன்னால் அவர் மோட்டார் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்து, யார் யாரோ கொடுத்த ரத்தம் மூன்று பாட்டில் ஏற்றியிருந்தார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய ரத்தம். அதில் என்ன இருந்தது என்று யார் கண்டது?

“ஏங்க, ஊர் விரலையெல்லாம் குத்தச் சொல்றீங்க. உங்க விரலை எப்ப?”

“உலகம் பூரா எடுத்துக்கிட்டா நூறு பேர்ல ஒருத்தர்கூட முழுசா தேறாது. நம்ம வீட்ல இருக்கறதே ரெண்டு பேர்.”

“அந்த நூறு பேருக்கும் மூணு பாட்டில் ஏத்தினாங்களா?”

“அது தனிப் பட்டியல்,” என்று செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விடுவார்.

ஒரு சனிக்கிழமை, டீயை நீட்டியபடியே மனைவி சொன்னாள்: “நம்ம வீடு குலுக்கல்ல வந்துருக்காம். செவ்வாய்க்கிழமை காலைல நர்ஸம்மா வர்றாங்களாம். போன் வந்துச்சு.”

டீ பாதி சாசரில். வீட்டுப் பட்டியல் தலைமை அலுவலகத்தில் பூட்டிக் கிடக்கிறது, அவரே பார்க்க முடியாது. மாட்டேன் என்றால் நாற்பது நர்ஸும் சிரிப்பார்கள். மனைவி பிறந்தநாளுக்கு ஏழு மாதம் இருக்கிறது. அவருடையதற்கு இருபதே நாள். வசமாக மாட்டிக்கொண்டார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மூளை பளிச்சென்று எரிந்தது. மச்சான்! மனைவியின் தம்பி. வருகிற வெள்ளிக்கிழமை அவனுக்குப் பிறந்தநாள்!

அந்த மச்சானை மூன்று வருஷமாக வாசற்படி மிதிக்க விடவில்லை. வந்தால் வெந்நீர் முழுவதையும் காலி செய்வான், இவருடைய சதவீதங்களில் தப்புக் கண்டுபிடிப்பான்.

“உன் தம்பி பாவம். பாத்து எத்தன நாளாச்சு! திங்கட்கிழமை ராத்திரி இங்க வந்து தங்கச் சொல்லேன்.”

மனைவி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். “நீங்களே கூப்பிடுங்களேன். சந்தோஷப்படுவான்.”

கூப்பிட்டார். குரலில் தேன் வழிந்தது. திங்கட்கிழமை வந்தவனுக்குத் தன் கட்டிலையே விட்டுக்கொடுத்து, வெந்நீரும் போட்டுக்கொடுத்து, தான் பாயில் நிம்மதியாகப் படுத்துத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா பெட்டியோடு வந்தாள். அவரிடமே பயிற்சி எடுத்தவள்.

“நேத்து ராத்திரி இங்க படுத்தது யார் யாரு, சார்?”

“மூணு பேர்!” என்றார் சதவீதம். “அடுத்த பிறந்தநாள் மச்சானுக்குத்தான். விரலை நீட்டுப்பா.”

“நானா? நான் இங்க படுக்கலையே மாமா.”

“என்னது?”

“நீங்க விட்ட கொறட்டைல கட்டிலே நகருது. அக்காதான் எதிர்வீட்ல போய் படுத்துக்கச் சொன்னா. விடிஞ்சுதான் வந்தேன்.”

“விதின்னா விதிதானே சார்?” என்றாள் நர்ஸம்மா. மனைவி அவருடைய சட்டைக்கையை ஏற்கெனவே மடித்துவிட்டிருந்தாள், விரலுக்கு அது தேவையில்லை என்றாலும்.

“ஐயோ! அம்மா! கொல்றாங்களே!”

“இன்னும் குத்தவே இல்ல சார்.”

குத்தினாள். எறும்புக்கடிகூட இல்லை. அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. 

ஆனால் அந்த இருபது நிமிஷமும் மனைவி உட்காரவில்லை. துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தாள். சோதனைப் பட்டையில் ஒரே ஒரு கோடு விழுந்து, “ஒண்ணும் இல்லம்மா, சார் சுத்தம்,” என்று நர்ஸம்மா சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

“இத்தன வருஷமா இது என் நெஞ்சுலயே கிடந்துச்சுங்க.”

சதவீதம் கை கொடுத்து அவளை எழுப்பிவிட்டார். உடனே நெஞ்சை நிமிர்த்தினார். “நான்தான் சொன்னேனே! சரி, ஃபாரத்தைக் கொடும்மா. இந்த வீடு முழு ஒத்துழைப்புன்னு எழுதி கையெழுத்துப் போடறேன்.”

“எந்த ஃபாரம் சார்? உங்க வீடு பட்டியல்லயே இல்லையே. அக்கா தனியா கூப்பிட்டாங்க, வந்தேன்.”

சதவீதம் மனைவியைப் பார்த்தார். மனைவி தம்பியைப் பார்த்தாள். தம்பி, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய பெட்டியை இழுத்தான்.

“நீங்களே வாய் நிறைய கூப்பிட்டீங்களா மாமா, ஒரு மாசம் லீவு போட்டுட்டேன்.”

“ஒரு மாசமா! கொறட்டைல எப்படித் தூங்குவ?” என்றார் சதவீதம், கடைசி நம்பிக்கையோடு.

“அதுக்கும் ஏற்பாடு ஆச்சுங்க,” என்றாள் மனைவி, அவருடைய பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்தபடி. “எதிர்வீட்ல சொல்லிட்டேன்.”

ஆக, அவர் வாயாலேயே சொன்ன விதிப்படி, அந்த ஒரு மாதமும் சதவீதம் தன் வீட்டுக் கணக்கிலேயே இல்லை.