ஒற்றைக் காது முயல்

பெரிய டீச்சர் வாசலில் வந்து நின்றபோது மூன்றாம் வகுப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசாமல் இருந்தவள் ஒருத்திதான். கதவை ஒட்டிய பெஞ்சில் உட்காரும் சிறுமி. அவள் எப்போதுமே பேசமாட்டாள்.

மற்றவர்கள் பேசியது செடிகளைப் பற்றி. செடிக்கு வலிக்குமா என்று வகுப்பு டீச்சர் கேட்டதுதான் தப்பாகப் போயிற்று. வலிக்கும் என்று ஒரு கட்சி, வலிக்காது என்று ஒரு கட்சி. வலிக்காது என்று நிரூபிக்க ஒருவன் ஜன்னலோரத் தொட்டியில் இலையைக் கிள்ள, வலிக்கும் கட்சிக்காரி அவனைக் கிள்ளியிருந்தாள்.

"உங்க வகுப்புச் சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்குதும்மா," என்று பெரிய டீச்சர் தொடங்கினார்.

"சாரி மேடம். இப்ப அடக்கிடறேன் மேடம். டேய், பெஞ்சைவிட்டு இறங்கு! செடியைப் பத்திப் பேச்சு வந்துச்சு மேடம், அதான் கொஞ்சம்..."

பயம் வந்தால் வாயடைத்துப் போகிறவர்கள் உண்டு. டீச்சர் அந்த ரகம் இல்லை. பயம் வந்தால் அவளுக்குப் பேச்சு வரும், நிற்காமல் வரும். பெரிய டீச்சரோ குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். அவருடைய உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. டீச்சரின் காதில் விழுந்தவை சில துண்டுகள்தான். சத்தம். உங்க வேலை. வெள்ளிக்கிழமை நானே வர்றேன்.

"சரிங்க மேடம். இனிமே சத்தம் வராது மேடம். கண்டிப்பா வராது மேடம்."

பெரிய டீச்சர் அவளைச் சற்றுப் புரியாமல் பார்த்தார். பிறகு தோளில் லேசாகத் தட்டிவிட்டுப் போனார். ஆறுதலுக்குத் தட்டுவது போலிருந்தது. வேலை போகிறவர்களை அப்படித்தான் தட்டுவார்கள்.

அவள் தற்காலிக டீச்சர். மாதக் கடைசியோடு அவளுடைய காலம் முடிகிறது. அவளுக்கு முன்னால் இதே வகுப்பில் இருந்த தற்காலிக டீச்சரும் ஒரு மாதக் கடைசியில்தான் டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். குடையை மறந்திருந்தாலாவது ஒருமுறை திரும்பி வந்திருப்பார்.

அன்று சாயங்காலம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை வந்து பாத்துட்டு அனுப்பிடுவாங்கக்கா."

"அவங்க என்ன சொன்னாங்க? முழுசாச் சொல்லு."

"சத்தம்னாங்க. வேலைன்னாங்க. இதுக்கு மேல என்ன சொல்லணும்?"

"இல்லடி, நான் என்ன சொல்றேன்னா, நாளைக்கு அவங்க ரூமுக்குப் போய்..."

"போக மாட்டேன். போனா வெள்ளிக்கிழமை வரைக்கும்கூட வெச்சுக்க மாட்டாங்க. நாலு நாள்ல அந்தப் பிள்ளைங்களை ஒருத்தர் பேச ஒருத்தர் கேக்க வெச்சிடறேன் பாரு."

"நான் சொல்லி முடிச்சிடறேன்," என்றாள் அக்கா.

முடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் விதி வந்தது. பேச வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும்.

எல்லோரும் தூக்கினார்கள். ஒரு கை தூக்கியவனைவிட இரண்டு கை தூக்கியவனுக்குத்தான் முதலிடம் என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். பள்ளி முழுதும் லவுட்ஸ்பீக்கர் என்று பெயரெடுத்த பையன் தரையில் படுத்து இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கினான்.

மதியம் அவள் அலமாரியைக் குடைந்து ஒரு பழைய துணி முயலைக் கண்டெடுத்தாள். நீளமான இரண்டு காதுகள், கொஞ்சம் அழுக்கு.

"இது யார் கையில இருக்கோ அவங்க மட்டும்தான் பேசலாம். மத்தவங்க எல்லாரும் வாயை மூடிக்கிட்டுக் கேக்கணும்."

"உங்களுக்கும் முயல் வேணுமா டீச்சர்?"

"டீச்சருக்கு எதுக்குடா முயல்?"

முயல் முதலில் லவுட்ஸ்பீக்கரிடம் போனது. போனது போனதுதான். அவன் தன் வீட்டு ஃபிரிட்ஜ் கெட்டுப்போன கதையைச் சொன்னான். மெக்கானிக் வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. புதன்கிழமை காலை அவன் மிச்சத்தைத் தொடங்க, வலிக்கும் கட்சிக்காரி பொறுமையிழந்து முயலைப் பிடித்து இழுத்தாள். அவள் கையோடு ஒரு காது வந்தது.

"டீச்சர், முயலுக்குக் காது போச்சு!"

"இது பேசற முயல்தானே, காது எதுக்கு?" என்றான் லவுட்ஸ்பீக்கர்.

அடுத்த விதி உடனே வந்தது. பிடுங்கக் கூடாது, மரியாதையாகக் கேட்டு வாங்க வேண்டும். வகுப்பில் எல்லோரும் எல்லோரையும் வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும்.

"முயலைக் குடுங்க."

"குடுக்க முடியாதுங்க."

"நேத்தே தர்றேன்னு சொன்னீங்க. நீங்க சரியான புளுகருங்க."

"உங்க மூக்கு ஒழுகுதுங்க. தொடைச்சிட்டு வந்து கேளுங்க."

"டீச்சர், இவரு என்னைக் கிள்ளிட்டாரு! நான் திருப்பிக் கிள்ளிக்கலாமாங்க?"

மரியாதை வந்துவிட்டது. சண்டை போகவில்லை. டீச்சர் படித்தது வேதியியல். ஒரு கரைசல் கலங்கினால் அதில் இன்னொன்றைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. ஆகவே இன்னொரு விதியைச் சேர்த்தாள்.

"முயல் கைக்கு வந்ததும், உங்களுக்கு முன்னாடி பேசினவங்க என்ன சொன்னாங்களோ, அதை முதல்ல அப்படியே திருப்பிச் சொல்லணும். அப்புறம்தான் உங்க பேச்சு. திருப்பிச் சொல்ல முடிஞ்சாத்தான் காது குடுத்துக் கேட்டீங்கன்னு அர்த்தம்."

அதன்பிறகு வகுப்பில் புதிதாக எதுவுமே யாரும் பேசவில்லை. ஒருவன் சொன்னதை அடுத்தவள் சொல்ல, அவள் சொன்னதையும் சேர்த்து அதற்கடுத்தவன் சொல்ல, பேச்சு சரக்கு ரயில் போல நீண்டது. கடைசிப் பெட்டியாக நின்ற பையன் மூச்சிரைக்க எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்துவிட்டு, "எனக்குச் சொல்ல வந்தது மறந்துடுச்சு," என்று அழ ஆரம்பித்தான்.

ஆனால் நடுவில் ஒன்று நடந்தது. இலை கிள்ளிய பையனிடம் முயல் வந்தது.

"அவங்க சொன்னாங்க, செடிக்கு வலிக்கும், கத்தத்தான் தெரியாதுன்னு." நிறுத்தினான். முயலைப் பார்த்தான். "அது எனக்குத் தோணலங்க."

வகுப்பு தானாகவே அமைதியானது. யாரும் அடக்காமல் வந்த அமைதி. எல்லோரும் தொட்டியைப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா! இதுதான்! இதைத்தான் நான் அப்போலேர்ந்து சொல்றேன்!" என்று டீச்சர் கைதட்டினாள். அமைதி கலைந்தது.

அடுத்து முயல் கதவோரச் சிறுமியிடம் போனது. அதுவரை கைக்கு வந்தபோதெல்லாம் அவள் அதைச் சூடு பட்டதுபோல் அடுத்தவரிடம் தள்ளிவிடுவாள். இந்தத் தடவை மடியில் வைத்துக்கொண்டாள். டீச்சரை நேராகப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது.

"சொல்லும்மா கண்ணு! பயப்படாதே. தப்பா இருந்தாலும் பரவாயில்ல. மெதுவாச் சொன்னாலும் போதும். டீச்சர் ஒண்ணும் சொல்ல மாட்டேன். யாரும் சிரிக்கக் கூடாது, கேட்டீங்களா? நீ சொல்லு, உனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ..."

டீச்சர் முடித்தபோது முயல் இரண்டு பேர் தாண்டிப் போயிருந்தது.

சாயங்காலம் லவுட்ஸ்பீக்கர் முயலையும் காதையும் பையில் போட்டுக்கொண்டான். அவன் அம்மா தையல்காரர், தைத்துத் தருவார். வியாழக்கிழமை அவனுக்குக் காய்ச்சல், வரவில்லை. அதனால் முயலும் வரவில்லை.

டீச்சர் வருகைப் பதிவு எடுத்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உதட்டின் மேல் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன்டா, வந்திருக்கியா இல்லையா?"

முன்வரிசைப் பையன் தன்னைத் தொட்டுக் காட்டினான், வந்திருக்கிறான் என்பதற்கு. பிறகு லவுட்ஸ்பீக்கரின் காலியான இடத்தைக் காட்டித் தலைக்கு மேல் இரண்டு விரலை ஆட்டினான், முயல் வரவில்லை என்பதற்கு.

"இன்னைக்கு முயல் இல்லாமலே பேசலாம். டீச்சர்தானே சொல்றேன்?"

நம்புவதற்கு அவர்கள் என்ன ஒன்றாம் வகுப்பா? இது சோதனை என்று தெரியாதா? விரல்கள் இன்னும் அழுத்தமாக உதட்டில் பதிந்தன.

அப்போது பெரிய டீச்சர் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பைத் தாண்டியவர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு பிள்ளைங்களுக்கு? ஏன் இப்படி..."

"எல்லாம் பழக்கிட்டேன் மேடம்! நாலே நாள்ல மேடம்! நாளைக்கு நீங்க வரும்போதும் இப்படியேதான் இருப்பாங்க மேடம்!"

பெரிய டீச்சர் உதட்டில் விரல் வைத்த வரிசையை வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் வாடிப்போனது. திரும்பி நடந்தார்.

இன்னும் போதவில்லை போலிருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, எதற்கு வம்பு என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை முயல் வந்தது. கிழிந்த காது வழியில் எங்கோ விழுந்துவிட்டதால், அந்த இடத்தில் ஒரு பெரிய பொத்தானைத் தைத்து அனுப்பியிருந்தார் லவுட்ஸ்பீக்கரின் அம்மா. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். பெரிய டீச்சர் உள்ளே வந்தார்.

"பிள்ளைங்ககிட்ட ஒரு விஷயம்..."

"உக்காருங்க மேடம். முதல்ல நீங்க பாருங்க மேடம்."

அவர் பின்னால் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து மறுபடி வாய் திறந்தார். லவுட்ஸ்பீக்கர் பணிவாக எழுந்து நின்றான்.

"முயல் உங்ககிட்ட இல்லைங்க."

குடையை இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்று டீச்சருக்குத் தோன்றியது. பெரிய டீச்சர் வாயை மூடிக்கொண்டு கைகளைக் கட்டிக்கொண்டார்.

"இந்த வாரம் என்ன கத்துக்கிட்டோம்?" என்று டீச்சர் கேட்டாள்.

"நான் அமைதியா இருக்கக் கத்துக்கிட்டேங்க."

"அவங்க அமைதியா இருக்கக் கத்துக்கிட்டாங்களாம். நானும் அமைதிங்க."

"இவரும் அமைதியாம். எனக்கும் அதேதாங்க."

ஒருவரும் கிள்ளவில்லை. ஒருவரும் முந்தவில்லை. முயல் கைமாறிக் கைமாறி வந்தது. பெரிய டீச்சர் ஜன்னலோரத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லவுட்ஸ்பீக்கரும் அமைதி என்று சொல்லி முடித்தான். அப்போது கதவோரச் சிறுமி கையை நீட்டினாள். யாரும் தராமல் அவளாக ஒன்றைக் கேட்பது இதுதான் முதல் தடவை. முயலை வாங்கி, பொத்தான் இருந்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"முன்னாடி பேசினவங்க சொன்னதைத் திருப்பிச் சொல்லணும்," என்றாள். மெல்லிய, தெளிவான குரல்.

"நான்தாங்க முன்னாடி பேசினேன்," என்று லவுட்ஸ்பீக்கர் நினைவுபடுத்தினான். "அமைதி."

அவள் தலையாட்டி மறுத்தாள். "அதுக்கும் முன்னாடி, திங்கக்கிழமை, பெரிய டீச்சர் பேசினாங்க. கதவுகிட்ட நின்னு. அதை இன்னும் யாருமே திருப்பிச் சொல்லல."

"மேடம், இவ எப்பவும் பேச மாட்டா மேடம், தப்பா எதுவும்..." என்று டீச்சர் ஆரம்பித்தாள்.

"டீச்சர், முயல் உங்ககிட்ட இல்ல!" என்று வகுப்பு முழுதும் ஒரே குரலில் கத்தியது.

வாழ்க்கையில் முதல் தடவையாக, பயந்துபோயிருந்தும், டீச்சர் பேச்சை நிறுத்தினாள். சிறுமி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்.

"'உங்க வகுப்புச் சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்குதும்மா. இங்க இந்த ஒரு வகுப்புலதான் பிள்ளைங்க வாயைத் திறந்து யோசிக்கறாங்க, அதை அடக்கிடாதீங்க. அதுக்காகவே உங்க வேலையை நிரந்தரமாக்கியாச்சு. வெள்ளிக்கிழமை நானே வர்றேன், பிள்ளைங்ககிட்ட சொல்ல.' திருப்பிச் சொல்லிட்டேன் டீச்சர். இப்ப நான் பேசலாமா?"