படகு ஓடாத ஞாயிறு

தடை உத்தரவை எழுதுகிற ஆள், அது தன்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் என்றுதான் உள்ளூர நினைத்துக்கொள்கிறான். பொது உண்மை போலச் சொல்லிப் பார்த்தேன். உண்மையில் அப்படி நினைத்தது நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தாறு வயது. பதுளையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஒரு ஹாஜியாரிடம் கிளார்க்காக இருந்தேன். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், குளத்தை ஒட்டி நின்ற பழைய தேயிலைத் தொழிற்சாலையை அவர் உடைத்து எடுப்பதற்கு வாங்கினார். நாலு மாடி; தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள்; மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. தூண், தகரம், பலகை எல்லாம் அவருக்கு. வெறும் நிலம் தோட்டத்துக்கு. வேலையை மேற்பார்க்க என்னை அனுப்பினார். ஒரு நோட்டுப் புத்தகமும் கழுத்தில் ஒரு விசிலும் கிடைத்தன. அந்த விசில்தான் என்னைக் கெடுத்தது என்று இன்றும் நினைக்கிறேன். (தூங்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை.)

குளத்துக்கு அக்கரையில் தோட்டத்தின் இன்னொரு டிவிஷன் இருந்தது. அங்கே இருந்தவர்கள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வர ஒரு தட்டைப் படகுதான் வழி. தரைவழியாகச் சுற்றி வந்தால் அரை நாள் நடை, அட்டைக்கடி தனி. படகு வந்து அணையும் துறை தொழிற்சாலைக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது; படகுத் தடமோ சுவரின் காலடியை ஒட்டிப் போனது. ஒரு நாள் கூரையிலிருந்து கழன்ற தகரம் ஒன்று காற்றில் பறந்து, பெண்கள் நிறைந்த படகுக்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் சறுக்கிப் போனது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை என்னைக் கூப்பிட்டு, குளத்துப் பக்கச் சுவரை இழுத்து விழுத்தும் நாட்களில் படகே ஓடக்கூடாது, அதற்கு வேண்டியதைச் செய் என்றார்.

வேண்டியதற்கு மேலேயே செய்தேன். ஒரு தகரத்தில் தாரால் எழுதினேன்: "அபாயம். வெள்ளி, சனி இரு நாட்களும் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை படகுப் பயணம் தற்காலிகமாகத் தடை செய்யப்பட்டுள்ளது. மீறுவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும். இப்படிக்கு, நிர்வாகம்." (நிர்வாகம் என்றால் நான். கடும் நடவடிக்கை என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது.) மறுநாள் விடியற்காலை, தொழிலாளர்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று அதை இரண்டு முறை உரக்க வாசித்தேன். ஒரு முறையே போதும் என்று கணக்கப்பிள்ளை சொல்லிப் பார்த்தார்.

துறையைக் காக்க முத்தையாவை நியமித்தேன். அந்தத் தொழிற்சாலைக்கு முப்பது வருடம் வாச்சராக இருந்தவர். காத்த கட்டடம் கண்ணெதிரே இடிவதைப் பார்த்துக்கொண்டு, வேறு வேலை இல்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு கயிறும் சிவப்புத் துணியும் கொடுத்ததும் நிமிர்ந்து நின்றார். வருத்தக்காரர்கள், அதாவது நோயாளிகள், யாராவது வந்தால் என்ன செய்வது என்று மட்டும் கேட்டார். உயிர் போகிற அவசரம் என்றால் வேலையை நிறுத்திவிட்டுப் படகை விடலாம் என்றேன். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். சுற்றிப் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களே.

"மத்தபடி யாரு வந்தாலும் விடக்கூடாது. துரை வந்தாலும் விடக்கூடாது. ஏன், நானே வந்தாலும் விடக்கூடாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க, கிளாக்கரய்யா" என்றார் முத்தையா.

வெள்ளிக்கிழமை சுவர் அசையவில்லை. சனிக்கிழமை இழுத்த கம்பிவடம் அறுந்தது, சுவர் அப்படியே நின்றது. ஞாயிறும் வேலை செய்து முடித்துவிடுங்கள் தம்பி என்று ஹாஜியார் சொல்லியனுப்பினார். சனி மாலை நானே தார்ச் சட்டியோடு போய், பலகையில் "ஞாயிறும்" என்று சேர்த்தேன்.

அதே ஞாயிற்றுக்கிழமை அக்கரை டிவிஷனில் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக இருந்தது.

மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மறந்திருந்தால் மன்னிப்பு உண்டு. நன்றாக ஞாபகம் இருந்துதான் எழுதினேன். என் திட்டம் இப்படி: குளத்தில் ஒரு படகும் இல்லாத நாளில் ஒரே ஒரு படகு வரும். அதில் நான் வருவேன். அக்கரையில் நிற்கும் பெண் வீட்டார் அதைப் பார்த்து, மாப்பிள்ளையின் செல்வாக்கு எப்பேர்ப்பட்டது என்று புரிந்துகொள்வார்கள். பெண் உயர்தரம் படித்தவள், ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருப்பவள் என்று மாமா சொல்லியிருந்தார். நானோ உயர்தரப் பரீட்சையில் கவிழ்ந்தவன். அந்தக் குறையைப் படகு ஈடுகட்டும் என்று நம்பினேன்.

காலை ஒன்பது மணிக்கு தெமோதரையிலிருந்து வேனில் அப்பா, அம்மா, மாமா மூவரும் வந்து இறங்கினார்கள். அம்மா கையில் தாம்பாளம். அதில் வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு. நான் புதுக் காற்சட்டை, வெள்ளைச் சட்டை. (விசிலைச் சட்டைக்குள் விட்டிருந்தேன்.) துறைக்குப் போனோம். முத்தையா எழுந்து கும்பிட்டார். கயிற்றை மட்டும் எடுக்கவில்லை.

"எடுங்க முத்தையா. நம்ம ஆளுங்கதான்."

"இன்னைக்கும் தடைங்க. நீங்கதான நேத்து எழுதுனீங்க."

"நான் எழுதுனத நானே ரத்துப் பண்றேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பணிவாகவே சொன்னார். "நீங்களே வந்தாலும் விடக்கூடாதுன்னு சொன்னீங்களே ஐயா."

அவசரமாகத் தாம்பாளத்துக் கடதாசியைக் கிழித்து, அனுமதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். என் சொல்லே செல்லாது என்கிறபோது என் கையெழுத்து மட்டும் எப்படிச் செல்லும் என்று கேட்டார். துரையிடம் கேட்கலாம் என்று ஆள் அனுப்பினேன். துரை பண்டாரவளைக்குப் போய்விட்டாராம். மாமா அம்மாவின் காதருகே குனிந்து, வருத்தக்காரர்கள் என்றால் விடுவார்களாம், கொஞ்சம் மயங்கி விழு அக்கா என்றார். பெண் பார்க்கப் போகிற நாளில் அபசகுனமாகப் பேசுகிறாயா என்று அம்மா அவரை வைததில், இருந்த ஒரு வழியும் அடைபட்டது. முத்தையாவுக்கு அதுவும் கேட்டது. அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர் விழுந்தால் தடை முடிந்துவிடும். ஆகவே காத்திருந்தோம். டிராக்டர் உறுமியது, கம்பிவடம் இறுகியது, சுவர் நின்றது. பத்து மணி. பதினொரு மணி. வேலையாட்கள் சுவரைப் பார்ப்பதை விட்டு எங்களைப் பார்த்தார்கள். அப்பா ஒரு கல்லில் உட்கார்ந்து, இந்த வேலைக்கு உன்னை யார் பொறுப்பாகப் போட்டது என்று ஒரே ஒரு முறை கேட்டார். வாழைப்பழம் வெயிலில் கறுக்கத் தொடங்கியது.

பதினொன்றரைக்கு அக்கரையில் குடைகள் தெரிந்தன. பெண் வீட்டார், வருகிறவர்களைக் காணோமே என்று துறைக்கே இறங்கி வந்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் எட்டுப் பேர். யார் யார் என்று தெரியவில்லை. எல்லோரும் பெருவிரல் அளவு.

சுவர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கவனிக்க ஹாஜியார் ஒரு நில அளவையாளரை அனுப்பியிருந்தார். பதுளையில் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக்காரர். முக்காலியில் ஒரு பழைய அளவைக் கண்ணாடி வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "அந்தரப்படாதையும் தம்பி. இதுக்குள்ளாலை பாரும்" என்று கண்ணாடியை அக்கரைப் பக்கம் திருப்பித் தந்தார்.

பார்த்தேன். நீலச் சேலை, பூச்சரம் சூடிய பின்னல், நல்ல பக்கத்தில், தெளிவாக, தலைகீழாக.

"பழைய கருவி. எல்லாத்தையும் கவிட்டுத்தான் காட்டும்" என்றார். "எங்களுக்குப் பழகீட்டுது."

எனக்குப் பழக்கமில்லை. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பார்க்க முடியுமா என்றும் யோசித்தேன். (யோசித்ததோடு நிற்கவில்லை, முயன்றேன். முக்காலி சரிந்தது. அளவையாளரின் இரக்கம் அத்தோடு தீர்ந்தது.) வேலையாட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குள் ஏதோ அறுந்தது.

நேரே துறைக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்தேன். படகில் ஏறி நின்று, அம்மாவையும் அப்பாவையும் ஏறச் சொன்னேன். அம்மா மாட்டேன் என்று தலையசைத்தாள். முத்தையா துடுப்பை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

அப்போது நான் கத்தியதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அப்பாவை விட மூத்த மனிதரை முதல் தடவையாக "நீ" என்றேன்.

"இந்தப் பொண்ணு இல்லேன்னா எனக்கு இன்னும் நாலு பொண்ணு வரிசையில நிக்குது. ஒனக்கு நாளைக்கு வேலை இல்ல, பாத்துக்க!"

அந்தக் குளம் நாலு புறமும் மலை சூழ்ந்தது. காற்று இல்லை. டிராக்டரை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். நான் சொன்னது தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு அக்கரைக்குப் போனது. போய்ச் சேர்ந்ததும் தெரிந்தது: குடைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. எட்டுப் பேரும் மேட்டில் ஏறிப் போனார்கள். அந்தக் காட்சியை மட்டும் வெறும் கண்ணால், நேராகப் பார்த்தேன்.

இழுத்து இழுத்து ஆட்டம் கண்டிருந்த சுவர் தானாகவே விழுந்தது அதற்குப் பிறகுதான். உள்பக்கம் விழும் என்று அளவையாளர் சொன்னது குளத்துப் பக்கம் விழுந்தது. முதலில் நீளமான ஒரு முனகல், பிறகு ஒரு நொடி மௌனம், பிறகு நாலு மாடிச் செங்கல். துறையிலிருந்து படகு வழக்கமாகப் போகும் தடத்தில், சரியாக அதே தடத்தில், குளம் பிளந்து எழுந்தது. அலை என் படகைத் தூக்கிக் கவிழ்த்தது. நான் இடுப்பளவு சேற்றில் நின்றேன். துடுப்பு என் கையில் இருந்திருந்தால் அந்த நேரத்தில் எங்கே இருந்திருப்பேன் என்பதைக் கணக்குப் போட யாரும் தேவைப்படவில்லை.

முத்தையா துடுப்பை நீட்டி என்னைக் கரையேற்றினார். அம்மா தாம்பாளத்தை அப்படியே அவர் காலடியில் வைத்துவிட்டு, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் தண்ணீர் சொட்ட நின்றேன். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் தரகர் வழியாகப் பெண் வீட்டுச் செய்தி வந்தது. மாப்பிள்ளை நன்றாகப் பேசுவார் என்று சொல்லியிருந்தீர்கள், கேட்டுவிட்டோம், நேரில் வந்து சிரமப்பட வேண்டாம் என்பதுதான் செய்தி. ஹாஜியார் நடந்ததை விசாரித்துவிட்டு முத்தையாவைப் பதுளைக் கடைக்கே வாச்சராக அழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆறு வருடம், தினமும் காலையில் எனக்குக் கதவு திறந்துவிட்டவர் அவர்தான். ஒரு தடவை தைரியத்தைத் திரட்டி, அன்று பேசியது தப்பு என்றேன். "அட, நீங்க சொன்னபடிதான செஞ்சேன்" என்று சொல்லிவிட்டுச் சாவியைத் தேடினார். அந்த நாளுக்காக நான் அவரிடம் திட்டு வாங்கியிருந்தால் இவ்வளவு நாள் நெஞ்சில் நின்றிருக்காது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. கொஸ்லந்தைப் பெண். குளக்கரை விவகாரத்தை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. மூத்த மகள் நாலாம் வகுப்புக்கு வந்த வருடம் பெற்றோர் கூட்டத்துக்கு இருவரும் போனோம். வகுப்பாசிரியை புதிதாக மாற்றலாகி வந்தவர். கண்ணாடி போட்ட, அமைதியான முகம். தேர்ச்சி அறிக்கையைப் புரட்டிக்கொண்டே, மகள் நன்றாகப் படிக்கிறாள், ஆனால் வகுப்பில் வாயே திறப்பதில்லை என்றார்.

நான் வழக்கம்போல் உரத்த குரலில், வீட்டில் நன்றாகப் பேசுவாளே டீச்சர் என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முதலில் குரலைத்தான் அடையாளம் கண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். பிறகு தோட்டத்தின் பெயரைச் சொல்லி, பழைய ஸ்டோரை உடைத்தபோது அங்கே வேலை பார்த்தவர் நீங்கள்தானே என்று கேட்டார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நான்தான் அவரை ஒரு தடவையும் நேராகப் பார்த்ததில்லையே.

"அன்னைக்கு அக்கரையில நின்னது நாங்கதாங்க" என்றார். கோபம் இல்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

மகளின் கணிதப் புள்ளியைப் பற்றி ஏதோ கேட்க வாயெடுத்தேன். என் மனைவி அதற்குள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க டீச்சர்" என்றாள். டீச்சர் சொன்னார். ஒரு சொல் விடாமல் சொன்னார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் மனைவி ஹாலிஎல வரை முன் இருக்கையில் இருந்தாள். அங்கே ஆட்கள் இறங்கி இடம் கிடைத்ததும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வரிசையில நாலு பொண்ணு நின்னுச்சாமே. அதுல நான் எத்தனாவது?"

அன்று கேட்ட கேள்வி இன்னும் ஓயவில்லை. தேநீர் கேட்டால், எத்தனாவது ஆளிடம் கேட்கிறீர்கள் என்கிறாள். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள், கைத்தொலைபேசியில் தாயின் எண்ணை "நாலாவது" என்று பதிந்து வைத்திருக்கிறான் இளையவன். நான் ஒவ்வொரு தடவையும் சிரித்து மழுப்பிவிடுகிறேன். அந்த வரிசையில் ஒருத்தியும் நிற்கவில்லை, முழுப் பொய் என்று சொல்லிவிடலாம்தான். சொன்னால் அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரிப்பார்கள்.