ஒன்றாம் தேதிக்காரர்

உலகத்தில் ஊதாரிகள் உண்டு, கஞ்சர்கள் உண்டு. இரண்டு பேராலும் பெரிய தொந்தரவு இல்லை. முன்னவரோடு போனால் டீ கிடைக்கும், பின்னவரோடு போனால் கிடைக்காது, அவ்வளவுதான். இவர்களுக்கு நடுவே மூன்றாவதாக ஓர் இனம் உலவுகிறது. செலவைக் கட்டுப்படுத்துவது எப்படி என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்துக்கொண்டே சொந்தக் காசைத் தொலைக்கிற இனம். இவர்தான் ஒன்றாம் தேதிக்காரர். இவருடைய சிக்கனம் ஒன்றாம் தேதியன்றுதான் பிறக்கும். இருபதாம் தேதியே ஞானம் வந்துவிட்டாலும் வாசலில் பத்து நாள் நிற்க வேண்டியதுதான். அந்தப் பத்து நாளும் என்ன நடக்கும் என்கிறீர்களா? "அடுத்த மாசத்திலேர்ந்து கையைக் கட்டிடப் போறோம், இப்பவே வாங்கிப் போட்டுடு" என்று வீடு கல்யாண வீடாகிவிடும்.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் நம்பமாட்டீர்கள். ஒருவரையே பிடித்து நிறுத்தலாம்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட் இவர் கிடங்கை விட்டு வெளியே போகாது. ஒவ்வொரு பொட்டலத்தையும் கோந்து தடவி ஒட்டி, ஒட்டின இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டு, அதன்மேல் ரப்பர் ஸ்டாம்பும் குத்துவார். போன மாதக் கடைசியில் இவருக்கு ஒரு தத்துவம் கிடைத்தது. கிடைத்த அன்றே டீக்கடையில் அரங்கேற்றினார்.

"கார்டைத் தேய்ச்சா வலிக்காதுப்பா. நோட்டை எண்ணிக் குடுத்துப் பாரு, பல்லைப் புடுங்கற மாதிரி இருக்கும். அந்த வலிதான் நம்ம சேமிப்பு!"

வீட்டிலும் அதையே சொன்னார். இவர் மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவர்.

"பல்லைப் புடுங்கிட்டுப் போறவங்களைத் தினமும் பாக்கறேங்க. ஒருத்தர்கூட அதைச் சேமிப்புன்னு சொன்னதில்லை."

தத்துவஞானிக்கு இதெல்லாம் காதில் விழுமா? ஒன்றாம் தேதி சம்பளத்தை ஏ.டி.எம்.மிலிருந்து வழித்தெடுத்து வந்து, வாடகை, மளிகை, பள்ளிக்கூடம், பஸ், கரண்ட், மருத்துவம், இதர என்று ஏழு கவர்களில் போட்டு, ஏழுக்கும் ஸ்டாம்ப் குத்தினார். எட்டாவது கவரில் கிரெடிட் கார்டு போனது. கோந்து, கையெழுத்து, ஸ்டாம்ப். மனைவி கையில் பயபக்தியோடு ஒப்படைத்தார்.

"நான் கால்ல விழுந்தாலும் இதைக் குடுக்காத."

"விழுந்தா எழுப்பியாவது விடலாமா?"

"விளையாடாத. உயிர் போற அவசரம்னாதான் பிரிக்கணும்."

'இதர' கவர் நாலாம் தேதி காலியானது. எட்டாம் தேதி மழை வந்தது. மழையில் டாக்ஸி பிடிப்பது அவசரமா இல்லையா? அவசரம்தான். ஆனால் அதை மனைவியிடம் கேட்டு விளக்குவானேன், அவருக்கு வேலை அதிகம். அன்று சாயங்காலம் மனைவி வருவதற்குள் அவர் பத்திரப்படுத்தியிருந்த அலமாரியைத் திறந்து, எட்டாவது கவரைக் கிழித்து, கார்டை எடுத்துக்கொண்டு, அதே கவர்க் கட்டிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்தார். கோந்து இவருடையது, கையெழுத்து இவருடையது, ஸ்டாம்ப் இவருடையது. வேலியும் இவரே, பயிரும் இவரே, மேய்கிற மாடும் இவரே. வெறும் கவர் தடவினால் தெரிந்துவிடுமே என்று, ஆறு மாதத்துக்குப் பணம் கட்டி இரண்டே நாள் போன ஜிம் கார்டை உள்ளே வைத்து ஒட்டினார். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. கார்டு பையிலும் இருக்கிறது, கட்டுப்பாடு அலமாரியிலும் இருக்கிறது.

அதன் பிறகு இவர் வாழ்க்கையில் அவசரங்கள் பெருகின. மதியச் சாப்பாட்டுக்கு நாலு பேரோடு போவார்; "எல்லாரும் ரொக்கமா எங்கிட்டக் குடுங்க, நான் கார்டுல போட்டுடறேன்" என்பார். அந்த நோட்டுகள் சட்டைப்பையில் சேரும்போது போனஸ் வந்ததுபோல ஒரு பூரிப்பு. எந்தக் கவரிலும் சேராத காசு அல்லவா? கவரில் சேராத காசு போனால் செலவே இல்லை, சாஸ்திரப்படி.

சாஸ்திரத்தின் உச்சம் பதினாறாம் தேதி நடந்தது. கடை வாசலில் 'ரொக்கத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி' என்று ஒரு பலகை. ரொக்கத்தை மதிக்கிற கடையைத் தாண்டிப் போவது தர்மமா? மருத்துவம் கவரை உடைத்து ஒரு காபி மெஷின் வாங்கினார். வீட்டில் எல்லோரும் டீ குடிக்கிறவர்கள். அது அற்ப விஷயம். பத்து சதவீதம் மிச்சமாயிற்றே!

இருபதாம் தேதி பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்தது. பத்து வயது மகளுக்குக் கரும்பலகை தெரியவில்லை. இத்தனை நாளும் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். திங்கட்கிழமை பரீட்சை. அன்றே கண் பரிசோதனை முடிந்து கண்ணாடிக்குச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை போய் வாங்க வேண்டும்.

"மருத்துவம் கவர் இருக்கில்ல?" என்றார் மனைவி.

"கவர் இருக்கு" என்றார். பொய்யில்லை. கவர் இருந்தது.

கண்ணாடிக் கடையில் அந்தக் கவரைக் கவிழ்த்தபோது இரண்டு நோட்டு விழுந்தது. மனைவி கைப்பையைத் திறந்து எட்டாவது கவரை வெளியே எடுத்தார். நம் ஆளுக்கு வேர்த்துவிட்டது.

"அதைத் தொடாத! விதின்னா விதி!"

"கண்ணாடிக்கே உதவாத விதி வேற எதுக்குங்க?"

"திங்கக்கிழமை வந்து வாங்கிக்கலாமே..."

"திங்கக்கிழமை பரீட்சை."

கவர் கிழிந்தது. கல்லாவில் இருந்த பெண் வாங்கிப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள்.

"சார், இது ஜிம் கார்டு. அதுவும் போன வருஷமே முடிஞ்சுபோச்சு."

"யாரோ மாத்தியிருக்காங்க!" என்று ஸ்டோர் கீப்பர் கர்ஜித்தார். "வீட்டுக்குள்ளேயே திருட்டு!"

"மாத்திட்டு உங்க கையெழுத்தையும் போட்டுட்டுப் போயிருக்காங்க" என்றார் மனைவி.

இதற்கிடையில், மூக்கில் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க, மகளுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டிருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், கடைசியில் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, உங்க சட்டைப் பாக்கெட்ல நீலமா ஒண்ணு தெரியுதே. அது கார்டுதானே?"

"கண்ணாடி சரியாத்தான் இருக்கு பாப்பா" என்றாள் கல்லாப் பெண்.

நீலக் கார்டு வெளியே வந்தது. மெஷின் கொஞ்ச நேரம் யோசித்து, முடியாது என்றது. "துடைச்சுட்டுப் போடுங்க" என்றார் நம் ஆள். துடைத்துப் போட்டாள். அப்போதும் முடியாது என்றது. டாக்ஸியும் மதியச் சாப்பாடும் சேர்ந்து லிமிட்டைத் தின்று ஏப்பம் விட்டிருந்தன.

மகள் யாரும் சொல்லாமலே கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "பரவால்லம்மா. பக்கத்துல இருக்கறவளைப் பாத்தே எழுதிக்கறேன்."

"பரீட்சையிலயா?" என்றார் அம்மா. அதைச் சொன்ன குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நம் ஆளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அம்மா போனை எடுத்து, பின்பக்க உறையை நெம்பி, நாலாக மடித்த நோட்டுகளை எடுத்துப் பிரித்து வைத்தார். சரியாக இருந்தது. அப்போதும் நம்மவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"இது எந்தக் கவர்லேர்ந்து?"

"போன் கவர்."

திரும்பும்போது பஸ்ஸில் மூவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நாலாவது நிறுத்தத்தில் இவருக்கு ஞானம் வந்தது.

"பாத்தியா, ரொக்கத்துல இதுதான் கோளாறு. போன இடம் தெரியாது. கார்டுன்னா ஒவ்வொண்ணும் பதிவாயிடும், தப்பிக்கவே முடியாது. ஒண்ணாம் தேதியிலேர்ந்து முழுக்க கார்டுதான்!"

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள் புதுக் கண்ணாடியோடு கடைப் பலகைகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள்.

"இன்னைக்கு என்ன தேதிப்பா?"

"இருபத்திரண்டு."

"அப்போ இன்னும் ஒம்போது நாள் இருக்கு" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அடுத்த பலகைக்குப் போனாள். "ரொக்கத்துக்குத் தள்..."

"அதை மட்டும் மனசுக்குள்ள படிச்சுக்கம்மா" என்றார் அம்மா.

சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், உங்களிடம்தான் ரப்பர் ஸ்டாம்ப் இல்லையே. ஆனால் படித்துக்கொண்டு வரும்போது, காபி மெஷினுக்குக் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ, 'நாமும் கொஞ்சம் கையைப் பிடித்துச் செலவு பண்ண வேண்டும்' என்று உங்களுக்குள் ஒரு முடிவு எடுத்தீர்களே, நல்ல முடிவு.

எந்தத் தேதியிலிருந்து?