செம்பிக்கு நூற்றாறு டிகிரி

திருவனந்தபுரத்தில் பயப்படுவதற்கென்று என்னென்ன உண்டோ, அத்தனைக்கும் தெர்மாமீட்டர் அண்ணாச்சி முதல் ஆளாகப் பயந்துவிடுவார். அவர் பயந்தது போக மிச்சம்தான் ஊர்க்காரர்களுக்கு.

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவதற்கு முன் பிரேக் சரியாகப் பிடிக்கிறதா என்று டிரைவரிடம் கேட்பார். டிரைவர் சிரித்தால், சிரிக்கிற ஆளை நம்பி உயிரைக் கொடுக்க முடியாது என்று நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவார். மீன் தின்னும்போது முள்ளுக்குப் பயந்து பக்கத்தில் ஒரு உருண்டை வெறும் சோறு தயாராக இருக்கும். ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். சட்டைப் பையில் எப்போதும் தெர்மாமீட்டர். தலைவலி என்றால் வாயைத் திற என்பார். தலைவலி இல்லை என்றாலும் வாயைத் திற என்பார். அப்படி வந்த பெயர்தான் அது. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் இதெல்லாம் சில்லறைப் பயம். மொத்த வியாபாரம் இடிக்குத்தான். இருபது வயதில் அவர் சாய்ந்து நின்ற தென்னையில் இடி விழுந்ததாம். அதற்கு அரை நிமிஷம் முன்புதான் தாகமெடுத்துத் தண்ணீர் குடிக்க நகர்ந்திருக்கிறார். அன்று முதல் வானம் கறுத்தால் போதும், இரண்டு காதிலும் பஞ்சு, காலில் ரப்பர் செருப்பு, வீட்டின் நட்டநடுவே ஒரு மர ஸ்டூல், அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அண்ணாச்சி. மழை விடுகிறவரை அந்தச் சிம்மாசனத்தை விட்டு இறங்கமாட்டார். காப்பியைக்கூட அவர் மனைவி அங்கேதான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி நான் அந்த லைன் வீட்டுக்கு வந்தேன். வலியசாலைக்குப் பின்னால், ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் நான்கு வீடுகள். எங்களுக்கும் அண்ணாச்சிக்கும் நடுவே ஒரு சுவர்தான். எனக்கு வயது பத்தொன்பது. கணவருக்குச் சாலை பஜாரில் ஜவுளிக்கடை வேலை. காலையில் போனால் கடை அடைத்துத்தான் வருவார். அக்கம்பக்கத்தில் பேசுகிற மலையாளம் எனக்குப் பாதி புரியும், பதில் சொல்லத்தான் வராது. என் பேச்சுக்குத் தலையாட்டிய ஒரே ஜீவன் நாகர்கோவிலிலிருந்து அப்பா கூடையில் வைத்துக் கொண்டுவந்து விட்ட செம்பி என்ற கோழி.

அந்தச் செம்பி ஐப்பசியில் அடைக்கு வந்துவிட்டாள். எழுப்பினால் எழுந்திருக்கமாட்டாள், தொட்டால் கொத்துவாள். அடை தெளிவிக்கத் தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகைச் செருகுவார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஓலைக்கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, பதினொரு முட்டை வைத்து உட்காரவைத்தேன். பெருமை தாங்காமல் மாமியாருக்குக் கடிதமும் எழுதிப் போட்டேன்.

அங்கேதான் வினை வந்தது. ஐப்பசி இடியில் யாராவது அடை வைப்பார்களா, புது மருமகள் வைக்கிற முதல் அடை கூமுட்டையாகப் போனால் அவள் வயிற்றுக்கு ஆகாதே என்று மாமியார் பதில் எழுதியிருந்தார். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கூடையிலிருப்பது முட்டையாகத் தெரியவில்லை. என் வயிற்றில் இருப்பதையே எடுத்து வெளியே வைத்துவிட்டதுபோல் இருந்தது.

அண்ணாச்சியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். படித்தவர், மருந்து கலக்குகிறவர், இதெல்லாம் சும்மா என்று சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் என்னைவிட வெளுத்துப் போனார்.

இடிக்கு அடைக்கூடையில் ஒரு துண்டு இரும்பும் கரியும் போடுவது வழக்கம். நான் ஓர் ஆணி போட்டிருந்தேன். ஒரு ஆணி காணுமா, போதாதே என்று சொல்லி அண்ணாச்சி ஒரு பழைய பூட்டு கொண்டுவந்து வைத்தார். மறுநாள் அரிவாள். அதற்கு மறுநாள் கிணற்றுக் கப்பி. செம்பி உட்கார இடமில்லாமல் கப்பியின்மேல் ஏறி நின்றாள். அத்தனையையும் வெளியே எடுக்க நான் அவரோடு அரைமணி நேரம் சண்டை போட்டேன்.

அடை வைத்த பத்தாம் நாள் அவர் செம்பியின் இறக்கைக்கடியில் தெர்மாமீட்டரை வைத்தார். வெளியே எடுத்துப் பார்த்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நூத்தியாறு மக்ளே. மனுசனா இருந்தா இன்னேரம் ஜன்னி கண்டிருக்கும்."

நான் அழத் தொடங்க, அவர் ஈரத்துணியை மடித்துச் செம்பியின் நெற்றியைத் தேட, கோழிக்கு நெற்றி எங்கே இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. உத்தேசமாகக் கொண்டைமேல் போட்டார். அவள் ஒரே கொத்தில் துணியையும் அவர் கட்டைவிரலையும் கிழித்தாள். சுரம் முற்றிவிட்டது என்று டாக்டரிடம் ஓடினார். கோழிக்குப் பிறவியிலேயே சூடு அவ்வளவுதான், போய் மருந்து கட்டுகிற வேலையைப் பார் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதன் பிறகும் தினமும் சூடு பார்த்து ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டுதான் இருந்தார். நூற்றைந்தரை என்றால், குறைந்துவிட்டதே என்று அதற்கும் ஒரு பயம்.

லைன் வீட்டில் ஊரடங்கு வந்தது. உலக்கை போடக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது, கதவை ஓங்கிச் சாத்தக்கூடாது. தீபாவளிக்கு மத்தாப்போடு சரி, வெடி கிடையாது. கடைசி வீட்டு மலையாள டீச்சர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது கோழியோ, அதோ கொட்டாரத்துத் தம்புராட்டியோ?" என்று கேட்டார், அரண்மனை ராணியா என்று. அண்ணாச்சி கேலி புரியாமல், மெதுவாகப் பேசுங்கள் என்று அவரையும் கும்பிட்டார்.

பதினெட்டாம் நாள் மதியம் மூன்று மணி. எங்கள் ஊரில் இடி தூரத்தில் உருளும். இங்கே அது தலைக்கு மேலே வந்து நின்றுதான் வெடிக்கும். அன்று வானம் கன்னங்கரேல் என்று இறங்கியது. முதல் மின்னலிலேயே வீட்டுக்குள் பகல்போல் வெளிச்சம். அடுத்தது முற்றத்து ஓரத்துப் பலாமரத்தில் விழுந்தது. மரம் பிளந்த சத்தம் கேட்டேன். அதைவிடப் பெரிதாகச் செம்பியின் அலறலைக் கேட்டேன். கூடையை விட்டுப் பறந்து மழைக்குள் ஓடிவிட்டாள்.

பின்வாசல் தாழ்வாரத்து இறக்கில் கூடை திறந்து கிடந்தது. முட்டைகளின்மேல் சாரல் அடித்தது. நான்கு எட்டு வைத்தால் எடுத்துவிடலாம். என்னால் முடியவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு அழுதேன். ஒவ்வொரு இடிக்கும் ஒரு முட்டை போயிற்று, ஒரு முட்டை போயிற்று என்றே தோன்றியது.

அப்போது மழைக்குள் ஒரு ஸ்டூல் நடந்து வந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தலையில் வைத்திருந்தது அண்ணாச்சி. காதில் பஞ்சு, காலில் ரப்பர் செருப்பு, கண் இரண்டும் இறுக மூடியிருந்தது. தடவித் தடவி வந்து கூடையை எடுத்துக்கொண்டு எங்கள் அடுக்களைக்குள் நுழைந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார். ஆள் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

முட்டைகள் குளிர்ந்து போயிருந்தன. அகலப் பாத்திரத்தில் வெந்நீர் வை என்றார். இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்க விட்டால் உள்ளே உயிர் இருக்கிற முட்டை தானாக அசையுமாம். செத்தது சும்மா கிடக்குமாம். தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டு, ஆற்றி, மறுபடி சுடவைத்து, திருப்தியான பிறகு பதினொன்றையும் ஒவ்வொன்றாக விட்டார். விட்ட உடனே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"எனக்குத் தைரியம் காணாது மக்ளே. நீ பாத்துச் சொல்லு."

எனக்கு மட்டும் எங்கிருந்து வரும்? நானும் கண்ணை மூடிக்கொண்டேன். உலகத்தில் இரண்டு பேர் இப்படி ஒரு பாத்திரத்துக்குப் பயந்து நின்றிருக்கமாட்டார்கள். கடைசியில் நான்தான் ஒரு கண்ணைத் திறந்தேன். தண்ணீர் அலையலையாகத் துடித்தது. எல்லா முட்டையும் ஆடியது. சந்தோஷத்தில் கத்தப் போனவள் கீழே பார்த்தேன். பாத்திரம் இருந்த பலகையில் அண்ணாச்சியின் முழங்கால் முட்டிக்கொண்டிருந்தது.

அவர் காதுப் பஞ்சைப் பிடுங்கிவிட்டுச் சொன்னேன். "நீங்க ஆடாதீங்க அண்ணாச்சி. தண்ணி ஆடுது."

அவர் விலகி நின்று மூச்சையே பிடித்துக்கொண்டார். தண்ணீர் மெல்ல அடங்கியது. முட்டைகளும் அடங்கின. பதினொன்றும் கல்போலக் கிடந்தன. எவ்வளவு நேரமென்று தெரியாது. ஓரத்தில் கிடந்த ஒரு முட்டை, யாரோ கூப்பிட்டதுபோல், லேசாகத் தலையாட்டியது. நின்றது. மறுபடி ஆட்டியது. அப்புறம் அதன் பக்கத்தில் ஒன்று. அப்புறம் நடுவில் ஒன்று. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அண்ணாச்சி சுவரைப் பார்த்தபடியே விரலை மடக்கினார். ஒன்பது.

முட்டைகளைத் துடைத்துப் பழந்துணியில் பொதிந்துவிட்டு, மழை குறைந்ததும் அவரே போய்க் கிணற்றடியில் ஒடுங்கியிருந்த செம்பியைத் தூக்கி வந்தார். நன்றிக்கு அவர் மூக்கில் ஒரு கொத்து கொடுத்துவிட்டு அவள் அடையில் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் ஒன்பது குஞ்சுகள். மிச்சம் இரண்டைப் பார்த்ததும் எனக்கு மாமியாரின் கடிதம்தான் ஞாபகம் வந்தது. அண்ணாச்சி அவற்றை வேலியோரம் கொண்டுபோய்ப் புதைத்தார். பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று பயப்படுகிற மனிதர், கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, "நாம வச்சதே ஒம்பதுதான். ஒங்க அத்தைக்கு அப்படியே எழுதிப் போடு" என்றார்.

அன்று அவ்வளவு இடியில் எப்படி வந்தீர்கள், பயமாக இல்லையா என்று அப்போதுதான் கேட்டேன்.

"பயந்தான். ஸ்டூலை விட்டு எறங்குகதுக்குள்ள ரெண்டு தடவ திரும்பி ஏறிட்டேன், கேட்டியா. ஆனா நீ அழுத சத்தம் பஞ்சையும் மீறிச் செவரு வழியா வந்துட்டே இருந்து. ஒத்தைக்கு இருந்து பயப்படக்கூடாது மக்ளே."

சித்திரையில் மகள் பிறந்தாள். ஏழு வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். ஏழு ஐப்பசியிலும் இடி இடித்தது, நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். ஒரு நாள்கூட அவர் என்னை ஒற்றைக்கு இருந்து பயப்பட விட்டதில்லை.