மிதிவண்டித் தேர்வு உபகுழுவின் ஏழாம் விதி

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தது முதல் பெரும் சாதனை என்றால், தனக்கு ஏற்ற சக்கரத்தைத் தேர்ந்தெடுத்தது இரண்டாவது சாதனை. முதலாவது எந்த நாட்டில் நடந்தது என்று அறிஞர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது. இரண்டாவது 1974ஆம் வருடம் தூத்துக்குடியில், எங்கள் 'கடலோரத் தாய்சேய் நல அலுவலக'த்தின் மாடி அறையில் நடந்தது. நான் அங்கே தலைமை எழுத்தராக இருந்தேன். ஆகவே இதில் தகராறுக்கு இடமில்லை.

இந்தச் சாதனைக்கு வித்திட்ட மனு ஒரு முழுப் பக்கம்கூட இராது. எழுதியவர் எங்கள் நர்ஸ் இன்பமணி. நாசரேத்துக்காரர். வெள்ளைச் சேலை, தோளில் மருந்துப் பை, குதிகாலில் ஆறாத வெடிப்பு. ஊருக்கு வடக்கே உப்பளங்களில் வேலை பார்க்கும் பெண்களின் பிரசவம் அவர் பொறுப்பு. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. நடந்தால் இரண்டு மணி நேரம். உப்புச் சுமக்கும் சந்தனமாரி என்ற பெண்ணுக்குப் பங்குனிக் கடைசியில் நாள் என்றும், அவளுடைய முந்தைய இரண்டு பிள்ளைகளும் தான் நடந்து போய்ச் சேரும் முன்பே இறந்துவிட்டன என்றும், ஒரு சைக்கிள் இருந்தால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம் என்றும் எழுதியிருந்தார். கீழே கையெழுத்து. 'பணிந்து வேண்டுகிறேன்' என்ற வார்த்தையைக் காணோம். அதையும் மன்னித்து மனுவை ஏற்றுக்கொண்டோம்.

அப்போது தை மாதம். சாதாரண அலுவலகமாக இருந்திருந்தால் அவசரப்பட்டு ஒரு சைக்கிளை வாங்கிக் கொடுத்துக் காரியத்தைக் கெடுத்திருப்பார்கள். எங்கள் கண்காணிப்பாளர் தளவாய் சார் அப்படிப்பட்டவர் அல்ல. வாங்குவது யாருக்கும் முடியும், எதை வாங்குவது என்று யோசிப்பதுதான் நிர்வாகம் என்று சொன்னார். அன்று மத்தியானமே 'மிதிவண்டித் தேர்வு உபகுழு' பிறந்தது. அவர் தலைவர், நான் செயலாளர். உறுப்பினர்கள் வேண்டாமா என்று கேட்டேன். உறுப்பினர்களைப் போட்டால் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள் என்றார்.

தளவாய் சாருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. இதை அலுவலகத்தில் சிலர் குறையாகப் பேசினார்கள். ஓட்டத் தெரிந்தவனுக்கு ஏதாவது ஒரு வண்டிமேல் பிரியம் இருக்கும். தெரியாதவருக்கு எல்லா வண்டியும் ஒன்றுதான். நடுநிலைமை என்பது வேறென்ன?

வண்டி நமது 'நிதி நிலைமை'க்குப் பொருந்த வேண்டும், ஓட்டுபவரின் 'ஓட்டும் பாங்கு'க்கும் பொருந்த வேண்டும் என்று முதல் கூட்டத்தில் கொள்கை வகுத்தோம். நிதி நிலைமை இரண்டு கூட்டங்களில் முடிந்துபோயிற்று, ஏனென்றால் பேச அதில் ஒன்றும் இல்லை. ஓட்டும் பாங்குதான் ஆழமான விஷயம். இன்பமணியை நேரில் வரவழைத்து, அவருடைய பாங்கு எத்தகையது என்று தளவாய் சார் விசாரித்தார்.

"பாங்குன்னா என்ன சார்?" என்றார் இன்பமணி. "ரெண்டு காலாலயும் மிதிப்பேன். அது போவும்."

'பதிலில் தெளிவு இல்லை' என்று குறித்துக்கொண்டு, நாங்களே ஆராய்ச்சியில் இறங்கினோம். முதுகை நிமிர்த்திக்கொண்டு, யாராவது வணக்கம் வைக்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தபடி ஓட்டுவது அதிகாரிப் பாங்கு. ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டியை மாட்டிக்கொண்டு காலையில் மெதுவாகவும் சாயங்காலம் வேகமாகவும் ஓட்டுவது எழுத்தர் பாங்கு. பிரசவத்துக்கு ஓட்டுவது எந்தப் பாங்கிலும் அடங்கவில்லை. அதை 'இதர' என்ற தலைப்பில் சேர்த்தோம். அறிக்கை ஒன்பது பக்கம் வந்தது. மாசி பிறந்திருந்தது.

பிறகு கள ஆய்வு. மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் சைக்கிள் கடைக்கு இன்பமணியையும் கூட்டிக்கொண்டு போனோம். அண்ணாச்சி ஏரல்காரர், பேச்சு குறைவு. இன்பமணியை ஒரு தடவை பார்த்தார், எங்கே போக வேண்டும் என்று கேட்டார், உள்ளே போய் ஒரு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். சேலை கட்டியவர்கள் ஏற நடுவில் பார் இல்லாத வண்டி, துணி சிக்காமல் இருக்க முழுச் செயின் கவர், மருந்துப் பைக்குக் கெட்டியான கேரியர், உப்பள வரப்பில் போக இது போதும் என்றார். எல்லாம் இரண்டு நிமிடம்.

இரண்டு நிமிடத்தில் எடுத்த முடிவை எந்த ஃபைலில் வைப்பது? அதற்காக இன்னும் நான்கு தடவை போனோம். நான்காவது தடவை தளவாய் சாரே வண்டியைச் சோதித்தார். கடற்கரை ரோட்டில் இந்தப் பக்கம் ஒரு பியூன், அந்தப் பக்கம் ஒரு பியூன் பிடித்துக்கொள்ள, நாற்பதடி தூரம் கம்பீரமாகப் போனார். 'வண்டி உறுதியானது, சாலை ஒத்துழைக்கவில்லை' என்று அவர் சொல்ல, அப்படியே எழுதினேன். அவர் முழங்காலுக்கு மருந்து போட்டது இன்பமணி.

பதினோராவது கூட்டத்தில், பங்குனி முதல் வாரம், அண்ணாச்சி முதலில் உருட்டி வந்த அதே வண்டியை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தோம். இன்பமணியின் முகத்தில் அன்றுதான் சிரிப்பைப் பார்த்தேன். கடைக்குப் போனதும் வண்டி மணியை இரண்டு தடவை அடித்துப் பார்த்தார்.

வண்டியை எடுக்கும்போது அண்ணாச்சி, உப்பளத்துப் பக்கம் கொண்டு போனால் ரிம்மில் துரு ஏறும், வாரம் ஒரு தடவை துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள் என்று சொன்னார். இதில் முதல் பாதி தளவாய் சார் காதில் விழுந்தது. அலுவலகம் வந்ததும் மிதிவண்டிப் பராமரிப்பு விதிகளைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். ஏழாவது விதி இது: 'அரசாங்கச் சொத்தான இவ்வாகனத்தை எக்காரணம் கொண்டும் உப்பளத்திற்கு அரை மைலுக்குள் கொண்டு செல்லலாகாது.' வண்டியை ரிக்கார்டு ரூமில் நிறுத்தி, பழைய போர்வையால் மூடி, பூட்டினோம். சாவி என் மேஜை இழுப்பறையில்.

உப்பளத்துக்குப் போவதற்குத்தானே கேட்டேன் என்று இன்பமணி வந்து நின்றார்.

"போங்கம்மா, யாரு வேண்டாங்கா?" என்றார் தளவாய் சார், மிகுந்த பரிவுடன். "நீங்க உப்பளத்துக்குப் போங்க. வண்டிய நாங்க பத்திரமா பாத்துக்கிடுதோம்."

பங்குனி இருபத்தாறு, காலை பத்தரை மணி. சந்தனமாரியின் புருஷன் செல்லப்பாண்டி உப்பளத்திலிருந்து ஒரே ஓட்டமாக ஓடி வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. இன்பமணி பையைத் தூக்கிக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்தார். தளவாய் சார் திருநெல்வேலிக்கு ஒரு மாநாட்டுக்குப் போயிருந்தார். அன்றைக்கு அலுவலகம் என் பொறுப்பு.

"அண்ணாச்சி, சாவியக் குடுங்க. எம்மேல என்ன வேணும்னாலும் எழுதிக்கிடுங்க. நான் கையெழுத்துப் போடுதேன்."

என் கை இழுப்பறை வரைக்கும் போனது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ள கை அது. திரும்பி வந்து விதிப் புத்தகத்தை எடுத்தது. ஏழாம் விதியை அவருக்குப் புரியும்படி நிறுத்தி நிதானமாக வாசித்தேன். 'எக்காரணம் கொண்டும்' என்பதற்கு விளக்கம் சொல்ல நிமிர்ந்தபோது எதிரே யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செல்லப்பாண்டி முன்னால் ஓட, இன்பமணி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.

பெண் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். அதைக் கழற்றிவிடத் தெரிந்தவர் அந்த நேரத்தில் உப்பளத்துக்கு இன்னும் அரை மைல் தூரத்தில் இருந்தார். தாய் பிழைத்தாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இதைப் பதிவு செய்ய எந்தப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

மே மாதம் மேலதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்தார். போர்வையை விலக்கி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடற்கரை ஊரில் இப்படி ஒரு சைக்கிளை நான் பார்த்ததே இல்லை, ஒரு பொட்டுத் துரு கிடையாது என்று வியந்தார். தளவாய் சாருக்குப் பதவி உயர்வு வந்தது. எனக்கு நற்சான்றிதழ்.

அந்தச் சான்றிதழ் வந்த வாரத்தில்தான் செல்லப்பாண்டி இறப்புச் சீட்டு வாங்க வந்தான். அது ரிக்கார்டு ரூமில் இருந்தது. நான் தேடிக்கொண்டிருக்கும்போது அவன் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டான். போர்வை விலகிக் கிடந்தது.

"இதா அண்ணாச்சி அந்த வண்டி?"

ஆமாம் என்றேன். அவன் கோபப்படவில்லை. சண்டைக்கும் வரவில்லை. ஹேண்டில்பாரில் மெதுவாகக் கையை வைத்தான். உப்பில் வெந்து வெளுத்த கை.

"ஏலே, தொடாத," என்றேன். "ஒன் கையில உப்பு இருக்கு."

அவன் கையை எடுத்துக்கொண்டான். வண்டி பிழைத்தது.