பிள்ளையாருக்குச் சொன்ன செசி நம்பர்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. மானிப்பாய்த் தபால் கந்தோரில் வேலை செய்த பாலேஸ்வரி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எண்பத்து நாலாம் ஆண்டு. அதே ஊர்ப் பரமலிங்கம் மாஸ்டர் கார் வாங்குவதென்று முடிவு கட்டினார். வருகிற ஞாயிறு பருத்தித்துறையில் மச்சாளுக்குக் கலியாணம். போன கொண்டாட்டத்துக்குச் சகலன் காரில் வந்து இறங்கினான். மாஸ்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். பட்டு வேட்டியில் யாரோ ஒருவருடைய மீன் பையின் ஈரம். இனி அப்படி ஒரு நாள் கிடையாது.

கரவெட்டிச் சோமசேகரத்திடம் ஒரு நீல நிற ஜப்பான் கார் விலைக்கு இருந்தது. மாஸ்டர் தனக்குத் தெரிந்த சோதனையெல்லாம் செய்தார். நம்பர் பிளேட் இலக்கங்களைக் கூட்டினார், ராசியான ஆறு வந்தது. ஹோர்னை அழுத்தினார்; பக்கத்து வளவு மாடு கயிற்றை அறுத்தது. பரம திருப்தி.

மனைவி பராசக்திக்குத் திருப்தியில்லை.

"கொழும்பிலை தம்பியின்ரை காரும் உதே காரெல்லே. பிரேக்கிலை பிழையெண்டு கம்பனி திருப்பிக் கூப்பிட்டுச் சும்மா மாத்திக் குடுத்தது. இதையும் கூப்பிட்டதோ எண்டு கேளுங்கோ."

"கூப்பிட இதென்ன, காரோ கலியாணத்துக்குச் சொல்லுற ஆளோ?"

"கம்பனி காரிலை அடிச்சு விடுற செசி நம்பரைச் சொன்னால் கொழும்பு ஏஜென்சிக்காரர் பாத்துச் சொல்லுவினம். ரண்டு பிள்ளையளை ஏத்திக்கொண்டெல்லோ போறம். பிரேக் பிடிக்காட்டிப் பருத்தித்துறையிலை கடல்தான் நிப்பாட்டும்."

மாஸ்டருக்கு வேறு பயம். கேட்டு, "ஓம்" என்று பதில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் மீன் பைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். செவ்வாய்க்கிழமை ரெலிபோன் எடுக்கவென்று யாழ்ப்பாணம் போனார். தேத்தண்ணிக் கடையில் ஒரு ரோல்சும் பிளேன்ரீயும் முடித்துக்கொண்டு திரும்பினார்.

"ரெலிபோனிலை கேட்டாச்சு."

"நம்பர் குடுத்தனீங்களோ?"

"ஒவ்வொரு இலக்கமாய்ச் சொன்னனான்."

"என்னவாம்?"

"இலங்கையிலேயே இதைப்போலை ஒரு கார் இல்லையாம்."

கடைசி வசனம் கொஞ்சம் கூடிப்போயிற்று. பராசக்தி உள்ளே போனாள். அதை மாஸ்டர் தன் வெற்றிக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சோமசேகரம் காரோடு வந்தார். பராசக்தி தேங்காய்த் தட்டோடு தயாராக நின்றாள்.

"முதல் மருதடிப் பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனை. பிறகு காசு."

கோயில் வாசலில் ஐயர் பேர் நட்சத்திரம் கேட்டார். பராசக்தி முந்திக்கொண்டாள்.

"காருக்குத்தான் ஐயா அர்ச்சனை. பிளேட்டு நம்பர் கந்தோர்க்காரர் வைச்சது. பிறந்த நம்பர் செசியிலைதான் இருக்கு. அதைச் சொன்னால்தான் பிள்ளையாருக்கு ஆளை விளங்கும். இஞ்சருங்கோ, வாசியுங்கோ."

மனைவி சம்மதித்துவிட்ட சந்தோஷத்தில் மாஸ்டர் காரைச் சுற்றி வந்தார். டிக்கியில் தேடினார். சீற்றுக்குக் கீழே தேடினார். வீல் கப்பைக்கூடத் திருப்பிப் பார்த்தார். கடைசியில் சோமசேகரம் இரக்கப்பட்டு பொனற்றைத் திறந்து விரலால் காட்டினார். மாஸ்டர் சால்வைத் தலைப்பால் கிறீசைத் துடைத்து, இலக்கம் இலக்கமாய் உரத்து வாசித்தார். பராசக்தி கும்பிட்ட கையோடு, உதடு அசைய, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். என்ன பக்தி என்று மாஸ்டர் உருகிப்போனார்.

விபூதி காயமுன் அவள் தபால் கந்தோருக்கு நடந்தாள். பாலேஸ்வரி அக்கா கொழும்புக்கு டிரங்க் கோல் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்தபோது மாஸ்டர் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடி, நின்ற காரில் பருத்தித்துறைக்குப் பாதி வழி போயிருந்தார்.

"இஞ்சருங்கோ, செவ்வாய்க்கிழமை கொழும்புக்குச் சொன்ன நம்பரை, இண்டைக்கு ஏன் டிக்கியிலை தேடினனீங்கள்?"

மாஸ்டர் ஸ்ரியறிங்கை விட்டு இறங்கினார்.

"ஏஜென்சியிலை கதைச்சிட்டு வாறன். இந்தக் காரையும் கம்பனி கூப்பிட்டிருக்கு. பிரேக் எண்ணெய் போற குழாய் வெடிக்குமாம். இதை ஒருத்தரும் மாத்தக் கொண்டுபோகேல்லையாம்."

"எனக்குத் தெரியாது தங்கச்சி, பிள்ளையாராணை," என்றார் சோமசேகரம்.

"தெரியாட்டிப் பரவாயில்லை அண்ணை. நீங்களே கொண்டுபோய் மாத்திக்கொண்டு வாங்கோ. அதுக்குப் பிறகு காசு தாறம்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை?" மாஸ்டரின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"பஸ் இருக்கு."

கலியாண வீட்டில் பராசக்தியைச் சுற்றித்தான் கூட்டம். சகலன் மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவளிடம் வந்தான். "அக்கா, என்ரை காருக்கும் ஒருக்கால் கேட்டுச் சொல்லுங்கோ." மாஸ்டருக்குப் பந்தியில் மூன்றாம் வரிசை.

கொஞ்சக் காலம் கழித்து நானே மானிப்பாய்க்குப் போய் விசாரித்தேன். குழாய் மாற்றியது உண்மை. கார் எழுதியிருப்பது பராசக்தியின் பேரில்.